மாம்பலம் வீட்டின் ஆகாயக்காரி

எங்கள் முதல் குழந்தை பத்து நாள் இருந்தது. பதினோராம் நாள் புண்யாகவாசனம் செய்து பெயர் வைப்பதாக ஏற்பாடு. பத்தாம் நாள் மத்தியானமே போய்விட்டது. அதனால் அதற்குப் பெயர் கிடையாது. பெண் குழந்தை.

அது முப்பதுகளின் தொடக்கம். எனக்கு வயது பத்தொன்பது. பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை, ஆகவே பிரசவம் மயிலாப்பூரிலேயே நடந்தது. குளத்துக்குத் தெற்கே ஒரு தெருவில், நாலு குடித்தனம் இருந்த வீட்டில் பின்கட்டு எங்களுடையது. இவர் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். என் கணவரை எழுத்திலும் ‘இவர்’ என்றுதான் எனக்கு வரும்.

குழந்தையை இவரும் இவருடைய அண்ணாவும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதை இவர் கையில் வாங்கியது அதுதான் முதல் தடவை. தீட்டு என்று அதுவரை வாசற்படியில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்து கிணற்றடியில் குளித்துவிட்டு ஈர வேஷ்டியோடு கூடத்தில் உட்கார்ந்தார். எங்கே, எப்படி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருந்தது. பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் மல்லிகைப்பூவை அள்ளி வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டாள். அழுதால் பாரம் இறங்கும் என்றாள். அவள் மட்டுமில்லை, வந்தவர்கள் எல்லோரும் நான் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. துக்கம் இருந்து அதை அடக்கிக்கொண்டேன் என்று எண்ணிவிடக் கூடாது. பல்லுக்கு மருந்து வைத்தால் கன்னம் யாருடையதோ போல் இருக்குமே, உடம்பு முழுவதும் அப்படி இருந்தது. மூன்று நாளில் பால் அடங்கியது. பூவை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

இரண்டு மாதம் போயிற்று. ஒரு நாள் இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வீடெல்லாம் புகை. குமுட்டி அடுப்பில் வைத்த பால் வற்றி, தீய்ந்து, பாத்திரம் கறுத்துக் கிடந்தது. நான் அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். தூங்கவில்லை, மயக்கமும் இல்லை. பால் பொங்கியதும் தெரியும், தீய்ந்ததும் தெரியும். எழுந்திருக்கவேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். இவர் பாத்திரத்தை இறக்கினார். விரல் சுட்டுக்கொண்டது. 

அந்த வாரம் கோடை விடுமுறை விட்டார்கள். விடுமுறைக்கென்று இவர் ஒரு வேலை ஒப்புக்கொண்டிருந்தார். “நீயும் என்னோட வா. ஆத்துல தனியா இருக்க வேண்டாம்” என்றார். சரி என்றேன். வேண்டாம் என்பதற்கு இன்னும் நாலு வார்த்தை பேசவேண்டியிருக்கும்.

வேலை மாம்பலத்தில். பெரிய ஏரியைத் தூர்த்து மனைகளாகப் பிரித்து விற்றுக்கொண்டிருந்த காலம் அது. தியாகராய நகர் என்று காகிதத்தில் எழுதினாலும் வாயில் மாம்பலம்தான். தெருக்கள் நேராக, அகலமாக, ஆளில்லாமல் கிடந்தன. எங்கே தோண்டினாலும் கறுப்புக் களிமண்ணும் நத்தை ஓடும் வந்தன. அங்கே ஒரு வக்கீல் வீடு கட்டிக்கொண்டிருந்தார். சீமையில் படித்துவிட்டுத் திரும்பும்போது வழியில் எகிப்தில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தவர். அங்கே மண்ணுக்குள்ளிருந்து ராஜாக்களின் கல்லறைகள் கிடைத்த செய்தியெல்லாம் அப்போது பத்திரிகைகளில் அடிபட்டுக்கொண்டிருந்தது. வக்கீல் ஒரு வர்ணப் படம் வாங்கி வந்திருந்தார். ஒரு கல்லறையின் கூரையில் எழுதியிருந்த தேவதை. அவளை அப்படியே தன் கூடத்துக் கூரையில் எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். அந்தக் கூடத்துக்கு மட்டும் உத்தரம் இல்லாமல் சிமெண்டில் தட்டையாகத் தளம் போட்டிருந்தார்கள்.

அவள் பெயர் நூத். ஆகாயம்தான் அவள். படத்தில் அவள் குனிந்து வில்லாக வளைந்து நின்றாள். கைவிரல்கள் ஒரு கோடியில் தரையைத் தொட்டன, கால்விரல்கள் இன்னொரு கோடியில். நடுவே அவள் வயிறு பூமிக்கு மேல் பந்தல் போட்டது மாதிரி இருந்தது. உடம்பு பூராவும் நட்சத்திரம். துணி கிடையாது. வாய்க்கு அருகே ஒரு சூரியன். தொடைகளுக்கு நடுவே இன்னொரு சூரியன். சாயங்காலம் அவள் சூரியனை விழுங்கிவிடுவாளாம். இரவெல்லாம் அது அவள் உடம்புக்குள்ளேயே நடந்து, காலையில் பிறக்குமாம்.

இதையெல்லாம் வக்கீல் சாவகாசமாக இவருக்குச் சொல்வார். இவர் சாரத்தின் மேல் மல்லாந்து படுத்து எழுதிக்கொண்டே எனக்குச் சொல்வார்.

“தினமுமா?” என்றேன்.

“தினமும்தான்.”

“தினமும் பெத்துண்டே இருக்கணுமா? பாவம்.”

இவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது என்று பின்னால் சொன்னார். எனக்கு அது ஞாபகம் இல்லை. அவர் முகத்தில் நீலம் சொட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறது.

முதல் வாரம் நான் கீழே உட்கார்ந்து நீலப் பொடியை அரைத்து வஜ்ரப் பசையில் குழைத்துக் கொடுத்தேன். அப்புறம் இவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. இடது பக்கம் திருப்ப முடியவில்லை. உருவம் முடிந்திருந்தது, நட்சத்திரங்கள்தான் பாக்கி. எல்லாம் ஒரே மாதிரி, ஐந்து முனை. அட்டையில் நட்சத்திர வடிவம் வெட்டிக் கொடுத்தார். அட்டையைக் கூரையில் அழுத்தி, துணிப்பந்தால் மஞ்சளை ஒற்றவேண்டும். கைவலியைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சவுக்குக் கட்டைகளின் மேல் ஏறினேன். ஒன்பது கஜத்தோடு ஏறியதைப் பார்த்து மேஸ்திரி வெளியே போய் நின்றுகொண்டார்.

சித்தாளாக ஒரு பெண் வேலை செய்தாள். அடையாற்றங்கரையில் குடிசை. கைக்குழந்தையை வாசல் வேப்பமரத்தில் தூளி கட்டிப் போட்டிருப்பாள். அவள்தான் கேட்டாள்:

“இன்னாம்மா இது, இந்தப் பொம்பள தல கீய தொங்கிக்கினு கீறா? உடம்புல ஒரு துணி இல்ல?”

“ஆகாசம்” என்றேன்.

“ஆகாசமா! அதான் ஆளு இம்மாம் பெருசு.”

அன்றிலிருந்து அவளுக்கும் மேஸ்திரிக்கும் அந்தத் தேவதை ஆகாயக்காரியாகிவிட்டாள். “ஆகாயக்காரி காலாண்ட சுண்ணாம்பு உதுந்துகீது பாரு” என்பார் மேஸ்திரி.

ஒரு நாள் சித்தாளின் குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் தெருக்கோடிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். குழந்தை விடாமல் அழுதது. இவர் கீழே இருந்து என்னையே பார்த்தார். நான் அட்டையை நகர்த்தினேன், ஒற்றினேன், நகர்த்தினேன். அந்தச் சத்தம் தெருவில் போகும் வண்டிச் சத்தம் மாதிரிதான் கேட்டது. கடைசியில் இவரே போய்த் தூளியை ஆட்டினார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது எழுதும்போது கூசுகிறது. அன்று கூசவில்லை.

நூத்துக்கு ஒரு சாபம் உண்டாம். வருஷத்தின் எந்த நாளிலும் பிள்ளை பெறக்கூடாது என்று சூரியன் கொடுத்த சாபம். அவர்களுக்குப் பூமி ஆண்; அவள் பூமியைச் சேர்ந்து நிறைமாதமாக இருந்தாள், பெற நாள் இல்லை. அவளுக்கு வேண்டிய ஒரு தேவன் சந்திரனோடு சூதாடி, கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தை ஜெயித்து, வருஷத்தில் சேராத ஐந்து நாள் உண்டாக்கிக் கொடுத்தான். அந்த ஐந்து நாளில் பெற்றுக்கொண்டாள். இதை இவர் சொன்னபோது, பத்தாம் நாளும் பதினோராம் நாளும் எனக்கு நினைவுக்கு வந்திருக்கவேண்டும். வரவில்லை. முழங்கால் பக்கம் நட்சத்திரம் நெருக்கமாகிவிட்டதே, அட்டையை இன்னும் தள்ளி வைத்திருக்கலாமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உடம்பு முக்கால்வாசி முடிந்த சமயத்தில் வக்கீலின் தாயார் வீட்டைப் பார்க்க வந்தார். கூடவே நாட்டுப்பெண், வக்கீலின் மனைவி, வந்தாள். பதினாறு பதினேழு வயது, ஐந்து மாதக் கர்ப்பிணி. வக்கீலும் இருந்தார். அந்த அம்மாள் கூடத்துக்குள் நுழைந்து, அண்ணாந்து பார்த்து, அப்படியே நின்றுவிட்டார்.

“யாருடா இவ?”

வக்கீல் சொன்னார். துணி இல்லாததைப் பற்றித்தான் கேட்பார் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

“வாய்கிட்ட இருக்கறது என்ன?”

“சூரியன்மா. சாயங்காலம் முழுங்கிடுவா.”

“முழுங்கறதா! கிரகணம் பிடிச்சா புள்ளத்தாச்சியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தறோம். நீ கூடத்து நடுவுல நித்ய கிரகணம் எழுதி வச்சிருக்கே. அதுக்குக் கீழே இவ நடமாடணுமா?”

“ராகு இல்லேம்மா இது. முழுங்கினாலும் கார்த்தால பெத்துடறா.”

“பெத்தா என்ன? தான் பெத்ததைத்தானே சாயங்காலம் முழுங்கறா?”

 வக்கீல் கோர்ட்டில் எப்படிப் பேசுவாரோ, அம்மாவின் எதிரில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். தாயும் பிள்ளையும் பேசியபடியே கிணற்றைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் போனார்கள். இவர் சாரத்தின் இன்னொரு முனையில் முதுகைக் காட்டிக்கொண்டு பாதத்துக்குக் கோடு திருத்திக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் மட்டும் நின்றாள். சாரத்துக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மேலே இருந்த என்னைப் பார்த்து மெதுவாக, “மாமி” என்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் சின்னவள்.

“என்ன?”

“ரொம்ப வலிக்குமா?”

“எது?”

அவள் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

“வலிக்கும். அப்புறம் நின்னுடும்.”

“உங்களுக்கு எத்தனை குழந்தை?”

“இல்லை” என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. தெரியாதவளிடம் கேட்டுவிட்டோமே என்று நினைத்தாளோ என்னவோ. “உங்களுக்கும் பொறக்கும் மாமி” என்று சொல்லிவிட்டு மாமியாரைத் தேடிக்கொண்டு போனாள். சாரத்தின் மறுமுனையில் தூரிகைச் சத்தம் நின்றிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஜட்காவில் திரும்பினோம். தேனாம்பேட்டையில் அப்போதெல்லாம் வெற்றிலைத் தோட்டமும் வாழைத் தோட்டமும்தான். வண்டி அதற்குள் நுழைந்ததும் இவர் கேட்டார். 

“இல்லேன்னு ஏன் சொன்னே?”

“இல்லையே.”

“இருந்துதே.”

“பத்து நாள்” என்றேன்.

குதிரை நடந்தது. வண்டிக்காரர் எதுவும் காதில் விழாதவர் போல் சாட்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு வக்கீல் சொன்ன இன்னொரு விஷயம் ஞாபகம் வந்தது. எகிப்தில் செத்தவர்களை வைக்கும் பெட்டியின் மூடியில், உள்பக்கமாக, நூத்தை எழுதிவிடுவார்களாம். மூடியதும் அவள் முகத்தோடு முகமாக மேலே படுத்துக்கொள்வாள். செத்தவர் அவள் வயிற்றில் இருப்பதாகக் கணக்கு.

“நம்ப குழந்தைக்கு மேல என்ன போட்டேள்?” என்றேன்.

இவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “ஒண்ணும் எடுத்துண்டு போகலை. எனக்குத் தெரியலை, அண்ணாவும் சொல்லலை. குழியில வச்சப்புறம் மூஞ்சியில மண் விழுமேன்னு தோணித்து. என் அங்கவஸ்திரத்தை எடுத்துப் போத்தினேன். அதுக்கு மேல அண்ணா மண்ணைத் தள்ளினார்.”

அன்று அவர் மேலே ஒன்றுமில்லாமல் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். குளித்ததனால் என்று நினைத்திருந்தேன். “ஜரிகை போட்டதா?” என்று கேட்டேன். எதற்கு அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

“இல்லே. சாதாதான்” என்றார்.  பாதி வெற்றிலைத் தோட்டம் போகும்வரை அவர் அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் முழங்கை என் கையில் இடித்துக்கொண்டே வந்தது. நான் கையை எடுக்கவில்லை. என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து வக்கீல் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். இவரைக் கண் எடுத்துப் பார்க்க முடியாமல், அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை, வைகாசிக் கடைசியில் கிரகப்பிரவேசம், அதற்குள் வெள்ளையடித்துவிடலாம் என்றார். வேலைக்கு உண்டானதைக் குறைக்காமல் கொடுத்துவிட்டார், அதில் குற்றம் சொல்ல முடியாது. இவர் சரி என்று சொல்லிவிட்டு வாசலில் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

சித்தாள் மேலே ஏறிச் சுண்ணாம்பு மட்டையால் பாதத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தாள். முதல் பூச்சு காய்ந்ததும் நீலம் ஊறிக்கொண்டு வெளியே வந்தது. நட்சத்திரங்களும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

“எத்தினி தபா அடிச்சாலும் கண்ண முழிச்சிக்கினு கீறாம்மா” என்றாள்.

“இன்னொரு தபா உடு. பசை கலந்து அடி” என்றார் மேஸ்திரி.

மூன்றாவது பூச்சின்போது முகம் மட்டும் மிச்சம் இருந்தது. சித்தாள் கையை உதறிக்கொண்டு, “எனுக்கு மனசு வரலம்மா. கண்ணு என்னியே பாக்குது” என்றாள். நான் மேலே ஏறி மட்டையை வாங்கினேன். இவர் கையால் அந்த முகத்தை அழிக்கும்படி ஆகிவிடக்கூடாது என்று நினைத்தேன். அதை அன்பு என்று இன்று எழுதலாம். அன்று அது ஒரு வேலையாகத்தான் இருந்தது. முதலில் வாயருகே இருந்த சூரியன், அப்புறம் வாய், கன்னம், கண். சுண்ணாம்பு முழங்கை வழியாக ரவிக்கைக்குள் ஓடி எரிந்தது. எரிச்சல் நன்றாகத் தெரிந்தது. இறங்கி வந்து கிணற்றடியில் கையைக் கழுவிக்கொண்டேன்.

கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். பசுவும் கன்றும் கூடத்துக்குள் வந்தன. கூரை வெள்ளையாக இருந்தது, நடுவில் மட்டும் பால் திரிந்த மாதிரி லேசான நீலம். வந்தவர்கள் புதுச் சிமெண்டு ஈரம் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் எனக்குக் குங்குமமும் தாம்பூலமும் கொடுத்தாள். “எனக்கு அவளைப் பிடிச்சிருந்தது மாமி” என்று காதோடு சொன்னாள். ஐப்பசியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்ததாகவும் இருவரும் சௌக்கியம் என்றும் இவர் வந்து சொன்னார். எனக்கும் பிற்பாடு மூன்று பேர் பிறந்தார்கள். மூன்று பேரும் இருக்கிறார்கள். அவர்களை நன்றாகத்தான் வளர்த்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் மூவருக்குமே பதினோராம் நாள் முடியும்வரை நான் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

கிரகப்பிரவேசத்தன்று திரும்பும்போது வண்டியில் ஏறியதும், “எங்கேன்னு காட்டுங்கோ” என்றேன்.

இவருக்கு உடனே புரிந்துவிட்டது. “பொம்மனாட்டிகள் அங்கெல்லாம் வரப்படாது.”

“இறங்கலை. வண்டியிலேர்ந்தே பாக்கறேன்.”

இவர் வண்டிக்காரரிடம் கால்வாய்ப் பக்கம் போகச் சொன்னார். எப்போதும் வருகிற வண்டிக்காரர்தான், ராயப்பேட்டை சாயபு. குதிரையைத் திருப்பினார். மயிலாப்பூரைச் சுற்றிக்கொண்டு போனோம். சுடுகாட்டு மதில் முடிகிற இடத்தில், கால்வாய்க்கரையில், முள்வேலி போட்ட ஒரு வெளி இருந்தது. சின்னக் குழந்தைகளுக்கான இடம் அதுதான் போலிருக்கிறது.

“இங்கியே நிக்கட்டா சாமி?” என்றார் சாயபு. இறங்கிப் போய்க் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்து நின்றார்.

“அந்தப் பூவரச மரம் தெரியறதா? அதுக்கு இந்தப் பக்கம். நாலஞ்சு அடி” என்றார் இவர்.

பார்த்தேன். மழை இல்லாததால் மண் வெடித்திருந்தது. மேடு எதுவும் தெரியவில்லை. இரண்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கால்வாயில் உப்பு ஏற்றிய படகு ஒன்றை இரண்டு பேர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. படகு போய் முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போலாமா?” என்றார்.

“பசிக்கறது” என்றேன்.

அப்போதுதான் வக்கீல் வீட்டில் கல்யாணச் சாப்பாடு மாதிரி இலை போட்டு உபசாரம் செய்திருந்தார்கள். நான் பாயசத்தைத் தவிர எதையும் தொடவில்லை. இவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு இறங்கி வேகமாக நடந்து, சாலை முனையில் இருந்த பெட்டிக்கடையில் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். ஒரு சீப்பு முழுவதும். எங்கள் வீடுகளில் பெண்கள் தெருவில் சாப்பிடுவது கிடையாது. வண்டிக்குள் உட்கார்ந்து நாலு பழம் தின்றேன். சாயபுவுக்கும் இரண்டு கொடுக்கச் சொன்னேன். இவர் ஒன்றை உரித்து, சாப்பிடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். “சாப்பிடுங்கோ” என்றேன். சாப்பிட்டார். தோலைக் குதிரைக்குப் போட்டோம்.